ஒரு சாண் உயரத்தில் ஒளிந்திருந்த குளிர்
வானிலை மேதை எல். ஏ. ராமதாஸின் வாழ்க்கை

அறுவடை முடிந்து, வைக்கோலும் அகற்றப்பட்டு, வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு களத்துமேடு. அது அம்பாசமுத்திரத்துப் பக்கமாக இருக்கலாம். சேரன்மகாதேவிப் பக்கமாகவும் இருக்கலாம். வானத்தில் மேகமில்லை. காற்று அசையவில்லை. நடுநிசி கடந்துவிட்டது. இப்படிப்பட்ட இரவில் குளிர் மிகுந்த இடம் எது? தரையா, தரைக்குச் சற்று மேலே உள்ள காற்றா?

தரைதான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பாட நூல்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தன. பகலில் சூடேறிய மண் இரவில் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிராக வீசிவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டுக் கொண்டிருக்கும் காற்று அதனால் குளிர்கிறது. மேலே போகப் போகக் குளிர் குறைகிறது. இது எளிய கணக்கு. யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

1932-ம் ஆண்டில் ஒருவர் தெர்மாமீட்டரை வைத்து அளந்தே பார்த்துவிட்டு, கணக்கு தவறு என்றார். குளிர் மிகுந்த இடம் தரையல்ல, தரைக்கு மேல் ஒன்றிரண்டு சாண் உயரத்தில் இருக்கிறது என்று அவர் அறிவித்தார். அன்றைய விஞ்ஞான உலகம் அதை எளிதில் நம்பவில்லை. அவர் சொன்னது மெய் என்று நிலைபெறக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஏன் அப்படி என்ற கேள்விக்குத் திருப்தியான விடை கிடைப்பதற்குள் அவர் காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவர்தான் எல். ஏ. ராமதாஸ். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என்று போற்றப்படுகிறவர்.

பாலக்காட்டிலிருந்து கல்கத்தாவுக்கு

லட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ணன் ராமதாஸ் 1900-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி பாலக்காட்டில் பிறந்தார். அவர் பெயரின் முதற் பகுதி பாலக்காட்டு அக்கிரகாரங்களில் ஒன்றின் பெயர். அன்று பாலக்காடு சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் பௌதிகத்தில் நாட்டம் கொண்ட தென்னாட்டு இளைஞர்களின் கண்கள் கல்கத்தாவையே நோக்கின. அங்கே பௌபஜார் வீதியில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமன் ஆராய்ச்சி நடத்திக் கொண்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு 1917-ல் சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவியை ஏற்றவர் அவர். அவரை நாடிச் சென்றவர்களில் ராமதாஸ் ஒருவர், கே. எஸ். கிருஷ்ணன் இன்னொருவர். கிருஷ்ணன் பிறந்த வத்ராயிருப்பு, அவர் பிறந்தபோது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோதுதான் அதற்கு மாறியது. இந்த இருவரும் பிற்காலத்தில் ஒரே நிலையத்தில் சேரப் போகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

கல்கத்தாவில் ராமதாஸுக்கு வாய்த்த வேலை நுட்பமானது. ஒரு திரவத்தின் மேற்பரப்பு கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அது உண்மையில் வழவழப்பானதல்ல. அணுத்திரள்களின் ஓயாத அசைவால் அதில் மிகச் சிறிய அலைகள் எப்போதும் எழுந்து கொண்டே இருக்கின்றன. அந்த அலைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ராமனும் ராமதாஸும் சேர்ந்து அந்த மங்கலான ஒளியை ஆராய்ந்து 1925-ல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1928-ல் ராமன் விளைவு உலகப் புகழ் பெற்றபோது, வாயுக்களிலும் ஆவிகளிலும் அதைத் தேடிப் பார்த்தவர்களில் ராமதாஸும் இருந்தார்.

ராமனிடம் அவர் கற்றுக்கொண்டது ஒளியைப் பற்றி மட்டுமல்ல. யாரும் கவனிக்காத மெல்லிய பரப்பில்தான் இயற்கை தன் இரகசியங்களை வைத்திருக்கிறது என்பதையும், கருவி எளிதாக இருந்தாலும் அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் அங்கே கற்றார். வாழ்நாள் முழுவதும் அவரைத் தாங்கிய பாடம் அது.

பூனாவில் ஒரு புது இலாகா

1926-ல் ராமதாஸ் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். 1928-ல் இலாகாவின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து, இன்று புனே என்று வழங்கும் பூனாவுக்கு இறங்கி வந்தது. அதே ஆண்டில் விவசாயத்தைப் பற்றிய ராயல் கமிஷனின் அறிக்கையும் வெளியாயிற்று. இந்தியாவில் பயிரின் தலைவிதியை நிர்ணயிப்பது மழையும் வெயிலும். ஆகவே வானிலை இலாகா கப்பலுக்கும் விமானத்துக்கும் மட்டுமல்லாமல் உழவனுக்கும் உழைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அதன் பயனாக 1932-ல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தோன்றியது. அதற்குப் பொறுப்பேற்றவர் ராமதாஸ்.

வானிலை நிபுணர்கள் வழக்கமாக நாலடி உயரத்தில் உள்ள காற்றின் உஷ்ணத்தையே அளப்பார்கள். மரப்பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் படிப்பார்கள். ஆனால் நாற்று நாலடி உயரத்திலா வளர்கிறது? விதை முளைப்பது மண்ணுக்குள். தளிர் விடுவது மண்ணிலிருந்து ஒரு விரற்கடை, ஒரு சாண் உயரத்தில். பயிரின் உலகம் அந்த ஒரு சாண்தான். அந்த உலகின் சீதோஷ்ணம் என்ன என்பதை அறியவே ராமதாஸ் முனைந்தார்.

கொதிக்கும் பானையின் கதை

அவர் கண்டதைப் புரிந்து கொள்ளச் சமையலறைக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். உலை கொதிக்கும்போது பானைக்குள் அரிசி மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக இருக்கிறது. அரிசி தானாக நீந்துவதில்லை. அடியில் சூடான நீர் இலேசாகி மேலே எழுகிறது. மேலே உள்ள குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்குகிறது. அந்தச் சுழற்சியில் அரிசியும் அகப்பட்டுச் சுழல்கிறது. இதற்கு வெப்பச் சலனம் என்று பெயர். நீருக்கும் காற்றுக்கும் இது பொது.

நீரில் துகள்கள் மிகுந்துவிட்டால் கதை மாறுகிறது. திருநெல்வேலி அல்வா கிண்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். சம்பா கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்த பால் அடுப்பிலே சூடேறிக் கெட்டியாகும்போது, சலனம் தளர்ந்து, வெப்பம் அடியிலேயே தேங்குகிறது. கை ஓயாமல் கிண்டாவிட்டால் அடிப்பிடித்துப் போகும். நீரோட்டம் தானாகச் செய்ய வேண்டிய வேலையைத் துடுப்பு செய்கிறது. ஆக, ஒரு திரவத்திலோ காற்றிலோ கலந்திருக்கும் நுண்ணிய துகள்கள், வெப்பம் செல்லும் வழியையே மாற்றிவிடக் கூடியவை.

ராமதாஸ் பிறந்த அதே 1900-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பெனார், மெல்லிய திரவத் தகட்டை அடியில் சூடாக்கி, அதில் தேன்கூடு போன்ற சுழல்கள் உண்டாவதைக் காட்டினார். 1916-ல் ஆங்கில மேதை ராலே பிரபு அதற்குக் கணக்கு வகுத்தார். கீழே சூடும் மேலே குளிரும் இருந்தால் மட்டும் போதாது. அடுக்கு ஓரளவு தடிப்பாகவும் உஷ்ண வேறுபாடு ஓரளவு பெரிதாகவும் இருந்தால்தான் அடுக்கு புரளும் என்பது அவர் கண்ட விதி. ஒரு சாண் தடிப்புள்ள காற்றில் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலே அந்த எல்லை எத்தனையோ மடங்கு கடந்துவிடும். காற்று புரண்டே தீர வேண்டும். ராமதாஸின் கண்டுபிடிப்பு மோதியது இந்த விதியோடுதான்.

கானலும் தூசியற்ற திரையும்

முதலில் பகலைப் பார்ப்போம். சித்திரை வெயிலில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலின் மேல் கானல் நடுங்குவதைக் காணாதவர்கள் இந்தச் சீமையில் இருக்க மாட்டார்கள். தக்காணத்துக் கரிசல் மண்ணிலும் கோடையில் அதே காட்சிதான். மண்ணின் உஷ்ணம் 60 டிகிரி செண்டிகிரேடையும் தாண்டும்போது, ஆள் உயரத்துக் காற்று 40 டிகிரி அளவில் இருக்கும். இத்தனை வேறுபாட்டில் பெரும் பகுதி தரையை ஒட்டிய சில அங்குலங்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதைப் பூனாவில் அளந்தார்கள். மலூர்க்கர் என்ற கணித நிபுணருடன் சேர்ந்து ராமதாஸ் இதற்கு ஒரு விளக்கமும் எழுதினார்.

தரையைத் தொடும் அந்த மெல்லிய காற்றில் தெர்மாமீட்டரை நுழைத்தால் தெர்மாமீட்டரே காற்றைக் கலைத்துவிடும். ஆகவே ஒளியையே கருவியாக்கினார்கள். ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் வரிகள் சூடான காற்றில் வளைகின்றன. அந்த வளைவைக் கொண்டு உஷ்ணத்தைக் கணக்கிடலாம். இந்த முறையை ராமதாஸும் அவருடைய சகா பராஞ்சபேயும் 1936-ல் வெளியிட்டார்கள்.

அப்போது அவர்கள் கவனத்தைக் கவர்ந்த இன்னொரு விந்தையும் உண்டு. தூசியோ புகையோ நிறைந்த காற்றில் சூடான பொருளொன்றை வைத்து, பலத்த ஒளியைப் பாய்ச்சினால் தூசி பளபளக்கும். ஆனால் சூடான பரப்பை ஒட்டி மட்டும் ஒரு கறுப்புத் திரை தெரியும். அங்கே தூசியே இருக்காது. 1870-ல் டிண்டல் கவனித்த காட்சி இது. வெப்பமான பக்கத்துக் காற்றணுக்கள் துகளை வேகமாக மோதுகின்றன. குளிர்ந்த பக்கத்து அணுக்கள் மெதுவாக மோதுகின்றன. ஆகவே துகள் சூட்டை விட்டு விலகித் தள்ளப்படுகிறது. அந்தத் திரையின் தடிப்பு எப்படி மாறுகிறது என்பதைப் பராஞ்சபே பூனாவில் அளந்தார். சூடும் தூசியும் காற்றும் ஒன்றையொன்று ஆட்டுவிக்கும் நாடகத்தை அந்த நிலையம் நெருங்கிப் பார்த்துக் கொண்டிருந்தது. அந்தத் தூசியே தங்கள் பெரிய புதிருக்கும் திறவுகோல் என்பதை அன்று யாரும் உணரவில்லை.

இரவில் தோன்றிய புதிர்

இனி இரவு. மேகமற்ற, காற்றற்ற இரவுகளில் வெறும் தரையின் மேல் பல உயரங்களில் உஷ்ணத்தை அளந்தார்கள். இந்த வேலையில் ராமதாஸுக்குத் துணை நின்றவர் ஆத்மநாதன். தரையின் உஷ்ணத்தைக் குறித்தார்கள். சற்று மேலே குறித்தார்கள். இன்னும் மேலே குறித்தார்கள். தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல உஷ்ணம் கூட வேண்டும் அல்லவா? கூடவில்லை. முதலில் குறைந்தது. ஒன்றிரண்டு சாண் உயரத்தில் மிகக் குறைந்த அளவை எட்டியது. அதற்கு மேலேதான் கூடத் தொடங்கியது. சில இரவுகளில் அந்தக் காற்று தரையைக் காட்டிலும் சில டிகிரி குளிர்ந்திருந்தது.

ஏதோ ஒரு நாளின் கோளாறு என்று தள்ளிவிட முடியவில்லை. திரும்பத் திரும்ப அதே முடிவுதான் வந்தது. 1932-ல் ராமதாஸும் ஆத்மநாதனும் ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சி ஏட்டில் இதை வெளியிட்டார்கள். கட்டுரை இரண்டே பக்கம்.

அந்த இரண்டு பக்கம் பெரிய சங்கடத்தை உண்டாக்கியது. குளிர்ந்த காற்று கனமானது. அது வெதுவெதுப்பான இலேசான காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால், தண்ணீரின் மேல் கல் மிதக்கிறது என்பது போல அல்லவா இருக்கிறது? ராலே பிரபுவின் கணக்குப்படி அது உடனே புரண்டு கலந்துவிட வேண்டும்.

நம்பாத உலகம்

வேறு எங்கிருந்தோ குளிர்ந்த காற்று தவழ்ந்து வந்திருக்கலாம் என்று சிலர் ஊகித்தார்கள். கருவியில் பிழை இருக்கலாம் என்று சிலர் எண்ணினார்கள். அன்னிய ஆட்சிக்கு உட்பட்ட ஒரு நாட்டிலிருந்து, பாட நூலுக்கு மாறான ஒரு செய்தி வந்தால் அதற்கு எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ராமதாஸின் நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. காரணம் தெரியாத அளவைச் சந்தடியின்றிக் கைவிட்டுவிடலாம். அல்லது ஏதோ ஒரு காரணத்தைப் புனைந்து ஒட்டவைக்கலாம். அவர் கண்ட உண்மையையோ இந்த இரண்டும் தீண்டவில்லை. அளவு அளவாகவே நின்றது.

1956-ல் இங்கிலாந்தில் லேக் என்பவர் வெறும் தரையின் மேல் தாமே அளந்து பார்த்து அதே போன்ற முடிவைக் கண்டார். 1957-ல் ஜெர்மானியரான ராஷ்கே, பூனாவிலேயே மிகுந்த கவனத்துடன் எடுத்த அளவுகளை வெளியிட்டார். ராமதாஸ் சொன்னது உண்மை என்று அவையும் காட்டின. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சந்தேகம் தணிந்தது. தரைக்கு மேல் நிற்கும் அந்தக் குளிர்ந்த காற்றுக்கு ராமதாஸ் அடுக்கு என்ற பெயரும் நிலைத்தது.

உழவருக்கு உழைத்த விஞ்ஞானி

புதிர் ஒரு புறம் இருக்க, ராமதாஸின் அன்றாட உழைப்பு வயலை விட்டு விலகவில்லை. கரிசல் மண்ணின் மேல் வெள்ளைச் சுண்ணப் பொடியை மெல்லியதாகத் தூவினால் என்ன ஆகும் என்று பூனாவில் சோதித்தார்கள். வெயிலின் ஒரு பங்கு திரும்பிச் சென்று மண்ணின் சூடு வெகுவாகக் குறைந்தது. மண்ணின் நிறம் ஒன்று மாறினாலே வேருக்குக் கிடைக்கும் சூடு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எந்தப் பருவத்தில் எத்தனை மழை பெய்தால் எந்தப் பயிர் எப்படி விளைகிறது என்பதைப் புள்ளிக்கணக்கைக் கொண்டு ஆராய்ந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். நாட்டின் பல பண்ணைகளில் பயிரின் வளர்ச்சியையும் வானிலையையும் ஒரே முறையில் அருகருகே பதிவு செய்யும் ஏற்பாடு உருவாயிற்று. 1945-ல் உழவர்களுக்கென்றே தனி வானிலை அறிவிப்புகளும் தொடங்கின. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைவிக்கும் குடியானவர் இன்று மழை அறிவிப்பைக் கேட்டு மருந்தடிப்பதையோ அறுவடையையோ ஒத்திப் போடுகிறார் என்றால், அந்தப் பழக்கத்துக்கு அடித்தளம் அந்த நாளில் இடப்பட்டது. 1958-ல் இந்திய அரசாங்கம் ராமதாஸுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

தண்ணீருக்கு ஒரு போர்வை

வானிலை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பின் ராமதாஸ் டெல்லிக்குச் சென்று தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அதன் முதல் டைரக்டர் வேறு யாருமல்ல. கல்கத்தா நாளைய கே. எஸ். கிருஷ்ணன்தான்.

அங்கே அவர் கையில் எடுத்த பிரச்னை நீர் ஆவியாவது. ஏரியிலும் அணையிலும் தேங்கிய நீரை வெயில் குடித்துவிடுகிறது. குளங்களை நம்பி வாழும் திருநெல்வேலிச் சீமைக்கு இதன் வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. செட்டில் ஆல்கஹால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரின் மேல் தூவினால், அது ஒரே ஓர் அணுத்திரள் தடிப்புள்ள படலமாகப் பரவி ஆவியாவதைத் தடுக்கும். நீருக்குப் போர்த்திய கண்ணுக்குத் தெரியாத போர்வை அது. இளமையில் திரவங்களின் மேற்பரப்பை ஆராய்ந்தவர் முதுமையில் அதே மேற்பரப்புக்கே திரும்பி வந்தார். காற்று வீசினால் படலம் கிழிந்து கரையில் ஒதுங்கிவிடும் என்பது இந்த முறையின் பெரிய இடையூறு. எங்கும் அது பெருவழக்காகப் பரவாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

1979-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ராமதாஸ் காலமானார். ராமதாஸ் அடுக்கின் காரணம் அப்போதும் தெரியாமலே இருந்தது.

தூசி சொன்ன பதில்

1966-ல் ஸ்டன்கோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், தரையை ஒட்டி மங்கலான மூட்டம் போன்ற ஒரு படலம் இருந்தால் இந்தக் குளிர் உண்டாகலாம் என்று ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். 1993-ல் பெங்களூரில் வாசுதேவ மூர்த்தி, ஸ்ரீனிவாசன், ரோத்தம் நரசிம்மா ஆகிய மூவரும் வேறொரு கொள்கையை வகுத்தார்கள். தரையும் காற்றும் பரிமாறிக் கொள்ளும் வெப்பக் கதிர்களே காரணம் என்றது அது. நெடுநாள் அதுவே ஏற்கப்பட்ட விடையாக இருந்தது.

2010-க்குப் பின், அதே பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் ஸ்ரீனிவாஸ் குழுவினர் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தரையில் பட்டுத் திரும்பும் கதிர்களைக் கையாண்ட முறையில் குறை இருப்பது தெரிந்தது. அதைத் திருத்தினால் தூய காற்றில் அந்த அடுக்கு தோன்றவே தோன்றாது. அப்படியானால் காற்றில் வேறு எதுவோ இருக்க வேண்டும். வெட்டவெளியிலும் ஆய்வுக்கூடத்திலும் சோதித்து, அது காற்றில் மிதக்கும் நுண்ணிய துகள்களே என்று காட்டினார்கள்.

இந்தத் துகள்கள் தரைக்கு அருகில் அடர்த்தியாகவும் மேலே போகப் போக அரிதாகவும் இருக்கின்றன. காற்றின் வாயுக்களைவிடத் தூசி எளிதாக வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. தெளிந்த வானத்தை நோக்கி ஒவ்வொரு துகளும் தன் சூட்டை இழக்கிறது. தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்விக்கிறது. தரைக்கோ மண்ணின் ஆழத்திலிருந்து வெப்பம் வந்து கொண்டிருப்பதால் அது அத்தனை வேகமாகக் குளிர்வதில்லை. வெப்பச் சலனம் காற்றைப் புரட்டிக் கலக்கப் பார்க்கிறது. தூசியோ புதிது புதிதாகக் குளிரை உண்டாக்கிக் கொண்டே இருக்கிறது. இந்தப் போட்டியில் இரவு முழுவதும் குளிர்ந்த அடுக்கு நிலைத்து நிற்கிறது. ராலே பிரபுவின் விதியும் பொய்க்கவில்லை. ராமதாஸின் தெர்மாமீட்டரும் பொய்க்கவில்லை. நடுவே நின்ற தூசியைத்தான் எல்லாரும் மறந்திருந்தார்கள்.

இது ஏட்டோடு நிற்கும் சங்கதியல்ல. பனிமூட்டம் எப்போது இறங்கும், தளிரைக் கருக்கும் உறைபனி எந்த உயரத்தில் தாக்கும், விமானம் இறங்கலாமா கூடாதா என்பதெல்லாம் தரையை ஒட்டிய சில அடிக் காற்றின் உஷ்ணத்தைப் பொறுத்தவை. தூசியைக் கணக்கில் சேர்க்காத முன்னறிவிப்பு அங்கே பிசகிவிடும்.

பாட நூல் ஒன்றைச் சொல்ல, கருவி வேறொன்றைச் சொன்னால், கருவியைச் சோதித்துப் பார். அது சரியென்றால் பாட நூலைச் சந்தேகி. ராமதாஸின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் இதுதான். விடை தன் காலத்தில் கிடைக்காவிட்டாலும், நேர்மையாக அளந்து எழுதி வைத்த எண் காத்திருக்கும். 1932-ல் எழுதிய இரண்டு பக்கம் எண்பது ஆண்டுகள் காத்திருந்து வென்றது. அந்த வெற்றியைக் காண ராமதாஸ் இல்லை. ஆனால் காற்றடங்கிய தெளிந்த இரவுகளில், ஆளரவமற்ற வெறுந்தரையின் மேல், அவர் பெயர் தாங்கிய குளிர் இன்றும் நிற்கிறது.